நட்சத்திரம் போட்ட பாட்டில்

வீட்டுக்குள்ள எந்தக் கண்ணாடி பாட்டில் வந்தாலும் என் பொண்ணு அதைக் கையில வாங்கி, தலைகீழா கவுத்து, அடிப்பக்கத்தைப் பாப்பா. ஜாம் பாட்டிலோ இருமல் மருந்து பாட்டிலோ, எதுவா இருந்தாலும் அடியை ஒரு தடவை விரலால தடவிப் பாத்துட்டுத்தான் கீழ வெப்பா. அவளுக்கு ஏழு வயசு. இந்த வயசுல இப்படி ஒரு பழக்கம் வரும், ரெண்டு மாசத்துல தானா போயிடும்னு நான் அதைக் கண்டுக்கவே இல்ல. பாட்டிலோட அடியில சின்னச் சின்னப் புள்ளிங்க, நம்பர், அச்சோட முத்திரை எல்லாம் இருக்கும்ல, அதைத்தான் பாக்குறான்னு நெனச்சுட்டேன். நாலு மாசம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி லைட்டை அணைக்கப் போற நேரத்துல, "அம்மா, என் பாட்டில் இன்னும் வரவே இல்லயே"ன்னு கேட்டா. எந்தப் பாட்டில்னு எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல.

அப்புறம் மெதுவா விஷயம் வெளிய வந்துச்சு. ஸ்கூல்ல மறுசுழற்சி பாடம் நடந்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து, "கண்ணாடியை எத்தனை தடவை வேணும்னாலும் உருக்கி உருக்கி புதுசா செய்யலாமாம், மிஸ் சொன்னாங்க"ன்னு குதிச்சா. நானும் சந்தோஷத்துல, "ஆமா குட்டி, இன்னிக்கு நீ போடுற பாட்டில் உருகி மறுபடியும் பாட்டிலா மாறி ஒரு நாள் நம்ம வீட்டுக்கே கூட வரலாம்"னு சொல்லியிருக்கேன். சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல, ஆனா அவளுக்கு அது ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கு. அன்னிக்குப் போடவேண்டிய ஜாம் பாட்டிலைக் கழுவி, துடைச்சு, என்னோட செகப்பு நெயில் பாலிஷை எடுத்து அடியில ஒரு நட்சத்திரம் வரைஞ்சு, அது காயற வரைக்கும் ஊதி ஊதி, அப்புறம் தான் மறுசுழற்சிக்குக் கண்ணாடி சேகரிக்கிற தொட்டியில போட்டிருக்கா. அது திரும்பி வரும்போது கண்டுபிடிக்கணும்ல. நாலு மாசமா அவ தேடிட்டு இருந்தது அந்த நட்சத்திரத்தை.

அந்த ராத்திரி நான் ஏதோ சமாதானம் சொல்லித் தூங்க வெச்சுட்டேன். ஆனா எனக்குத் தூக்கம் வரல. குழந்தைகிட்ட நான் பொய் சொல்லல, கண்ணாடி மறுபடியும் கண்ணாடியா ஆகுறது உண்மைதான். ஆனா அவ நம்பினது வேற. பாட்டில்னா அவளுக்கு அந்தப் பாட்டில். நான் பேசினது ஒரு பொருளைப் பத்தி, அவ கேட்டது ஒரு ஆளைப் பத்தின மாதிரி. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, அதை மூடாமலே நாம எல்லா குழந்தைங்களுக்கும் இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கோம்னு எனக்குத் தோணிடுச்சு, தோணினதுல இருந்து அது விடவே இல்ல.

கண்ணாடின்னா எது?

உண்மையைச் சொன்னா இதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு எச்சரிக்கை கிடைச்சிருக்கு, நான் தான் அதோட முழு அர்த்தத்தைப் புரிஞ்சுக்கல. பாடம் நடந்த அதே வாரம் அவ ஒரு அட்டைப் பெட்டி எடுத்து அதுமேல பெருசா 'கண்ணாடி'ன்னு எழுதி ஒட்டினா. நான் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். ரெண்டு நாள்ல பெட்டி நிறைய ஆரம்பிச்சுது. உள்ள பாத்தா தாத்தாவோட கால் உடைஞ்ச மூக்குக் கண்ணாடி, என்னோட கைப்பையில இருந்த முகம் பாக்குற குட்டிக் கண்ணாடி, விரிசல் விட்ட டம்ளர், ஓவன்ல வெக்கிற பாத்திரத்தோட உடைஞ்ச மூடி, ஒரு பீஸ் போன பல்பு, நடுவுல ரெண்டே ரெண்டு பாட்டில். அவளை என்ன குத்தம் சொல்ல முடியும்? நம்ம பாஷையில இது எல்லாமே கண்ணாடிதானே. மூக்குல மாட்டுறதும் கண்ணாடி, சுவத்துல மாட்டுறதும் கண்ணாடி, ஜன்னல்ல இருக்குறதும் கண்ணாடி. அவ தமிழை ரொம்ப ஒழுங்காப் படிச்சதால வந்த தப்பு அது.

ஆனா கண்ணாடியை உருக்குற உலைக்கு தமிழ் தெரியாது. பாட்டில் செய்யற கண்ணாடின்றது ஒரு குறிப்பிட்ட கலவை. முக்காவாசிக்குக் கொஞ்சம் கம்மியா சிலிக்கா மணல், அதோட சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல். மணலை மட்டும் தனியா உருக்கணும்னா சுமார் 1,700 டிகிரி வேணும், சோடா சேத்தா அது ரொம்பக் கம்மி சூட்டுலயே இளகிடும், ஆனா சோடாவோட மட்டும் விட்டா அந்தக் கண்ணாடி தண்ணியில கரைஞ்சுடும், அதனால தான் சுண்ணாம்பு. இந்த மூணும் சேந்த கலவைக்கு ஏத்த மாதிரி உலையை சுமார் 1,500 டிகிரியில ஓட்டுறாங்க. ஓவன் பாத்திரம் வேற கலவை, அதுல போரான் இருக்கு, சூடு தாங்குறதுக்குன்னே செஞ்சது, அதனால இந்த உலையில மத்ததோட ஒண்ணா உருகிக் கலக்காம அடம் பிடிக்கும். பீங்கான் கப்போட துண்டு ஒண்ணு விழுந்தா அது உருகவே உருகாது, அப்படியே கல்லா போய் புது பாட்டிலோட சுவத்துல உக்காந்துக்கும், அந்த இடத்துல பாட்டில் பலவீனமா இருக்கும், உடையும். முகம் பாக்குற கண்ணாடிக்குப் பின்னாடி உலோகப் பூச்சும் பெயிண்ட்டும் இருக்கு. தாத்தாவோட மூக்குக் கண்ணாடி லென்ஸ் கண்ணாடியே இல்ல, பிளாஸ்டிக்.

நான் அன்னிக்குச் செஞ்சது என்னன்னா, அந்தப் பேப்பரைக் கிழிச்சுட்டு 'பாட்டில், ஜாடி மட்டும்'னு எழுதி ஒட்டினேன், அவ்ளோதான். ஏன்னு சொல்லல. அவளுக்கு எங்க புரியப்போகுதுன்னு விட்டுட்டேன். அந்த நெனப்பு தான் தப்பு. குழந்தைக்கு விதி மட்டும் கொடுத்தா அதை அப்படியே செய்யும், ஏன்னு சேத்துக் கொடுத்தா நாம யோசிக்காத இடத்துக்கு எல்லாம் அதைக் கொண்டு போகும். இதை நான் அப்புறம் தான் கத்துக்கிட்டேன்.

இன்னொண்ணும் இந்த இடத்துல சொல்லணும். கண்ணாடியைப் பத்தி குழந்தைங்களுக்கு நாம சொல்ற முதல் வார்த்தையே "தொடாதே"தான். கீழ போட்டுடுவே, உடைஞ்சுடும், கையைக் கிழிச்சுடும். அது நியாயமான பயம், நானும் சொல்லியிருக்கேன். அதனால அவங்க கைக்கு எட்டுற எல்லாமே பிளாஸ்டிக்கா மாறிடுச்சு, தண்ணி பாட்டில், டப்பா, கப்பு எல்லாம். கையில பிடிக்கவே விடாத ஒரு பொருளைப் பாதுகாக்கணும்னு பாடம் மட்டும் நடத்தினா அது எப்படி மனசுல ஒட்டும்? இப்போ நான் அவகிட்ட பாட்டிலைக் கழுவற வேலையைக் கொடுத்திருக்கேன். ரெண்டு கையாலயும் பிடிக்கணும், சோப்பு வழுக்கும், விளிம்பு உடைஞ்சிருந்தா தொடாம என்னைக் கூப்பிடணும், மூடியைக் கழட்டித் தனியா வெக்கணும். பளபளன்னு கழுவணும்னு அவசியம் இல்ல, உள்ள ஒட்டினது போற அளவுக்கு ஒரு அலசு போதும். லேபிளைச் சொரண்ட வேண்டியதும் இல்ல, பேப்பர் சூட்டுல எரிஞ்சு போயிடும். கண்ணாடியோட குளிர்ச்சி, கனம், தட்டினா வர்ற சத்தம் இதெல்லாம் கையில ஏறினதுக்கு அப்புறம் அவ பேசுற விதமே மாறிடுச்சு.

அந்த வீடியோ

சரி, நட்சத்திர விஷயத்துக்கு வரேன். அடுத்த நாள் சாயங்காலம் அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு, இனிமே மழுப்பாம நடக்குறதைக் காட்டிடலாம்னு பாட்டில் தொழிற்சாலை வீடியோ ஒண்ணைப் போட்டேன். கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. நட்சத்திரம் எரிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா அழுவாளோன்னு. உலையில இருந்து கண்ணாடி ஆரஞ்சு நிறத்துல ஒரு சொட்டா கீழ விழுது, கத்தரி மாதிரி ஒண்ணு அதை வெட்டுது, அது அச்சுக்குள்ள போகுது, காத்து ஊதுது, ஒரு நொடி முன்னாடி நெருப்பா இருந்தது பாட்டிலா நிக்குது. "அய்யோ அழகா இருக்குமா"ன்னு வாயைப் பொளந்துட்டுப் பாத்தா. அந்த உலையை பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு அணைக்கவே மாட்டாங்க, ராத்திரி பகல் எரிஞ்சுட்டே இருக்கும்னு சொன்னதும், "தூங்கவே தூங்காதா"ன்னு கேட்டா. எல்லாம் நல்லாப் போயிட்டு இருந்துச்சு.

அப்புறம் நான் முதல் பாதியைக் காட்டினேன், அதாவது சேகரிச்ச பாட்டில் எல்லாம் வந்து சேர்ற இடத்தை. மலை மாதிரி குவியல். லாரி பின்பக்கத்தைத் தூக்கி கொட்டுது, பாட்டிலுங்க ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து நொறுங்குது, மிச்சம் இருக்குறதை மெஷின் அரைக்குது. காந்தம் மூடியை இழுக்குது, கேமரா ஒவ்வொரு துண்டையும் பாத்து கல்லையும் பீங்கானையும் காத்தால தள்ளி விடுது. நான் அதை விளக்குறதுல மும்முரமா இருந்தேன். அவ வீடியோவை நிறுத்தச் சொன்னா. கொஞ்சம் பின்னாடி தள்ளச் சொன்னா. திரையில ஒரு இடத்துல விரலை வெச்சா, குவியலோட ஓரத்துல ஒரு கீறல் கூட இல்லாம முழுசா ஒரு பாட்டில் உருண்டு வருது.

"இது உடையவே இல்லயே. இதை ஏன் உடைக்கிறாங்க?"

எனக்குப் பதில் வரல. "உருக்குறதுக்கு"ன்னேன். "எதுக்கு உருக்கணும்?"னா. "புது பாட்டில் செய்ய." "இதுவே பாட்டில் தானேம்மா."

நட்சத்திரத்தைப் பத்தி அவ அப்புறம் பேசவே இல்ல. அதுக்காக அழுவான்னு நான் பயந்தேன், அவ கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி. நல்லா இருக்குற ஒரு பாட்டிலை நொறுக்கி, 1,500 டிகிரியில உருக்கி, மறுபடியும் அதே மாதிரி ஒரு பாட்டிலைச் செய்யறதுக்குப் பேரு தான் நாம பெருமையாச் சொல்லிக் கொடுக்குற மறுசுழற்சி. உடைஞ்ச கண்ணாடிக்கு அதைவிட நல்ல வழி கிடையாது, அதுல எனக்கு இப்பவும் எந்தச் சந்தேகமும் இல்ல. ஆனா உடையாத பாட்டிலுக்கு? இத்தனை வருஷமா நான் பாட்டிலைத் தொட்டியில போட்டுட்டு, சலார்னு ஒரு சத்தம் கேட்டதும் ஒரு நல்ல காரியம் முடிஞ்ச திருப்தியோட வந்திருக்கேன். அந்தச் சத்தம் அவளுக்கும் ரொம்பப் பிடிக்கும், அதுக்காகவே கூட வருவா. அந்தச் சத்தத்துலயே ஒரு முழுப் பாட்டில் இனிமே பாட்டிலா இருக்க முடியாதுன்னு முடிவாகுதுன்னு எனக்கு ஒரு தடவை கூட உறைக்கல. இங்கிலாந்துல பார்ன்ஸ்லிங்கற ஊர்ல முதல் 'பாட்டில் பாங்க்', அதாவது காலி பாட்டிலைப் போடுற பொதுத் தொட்டி, வெச்சது 1977ல. அப்போ இருந்து எத்தனை குழந்தைங்க அந்த ஓட்டைக்குள்ள பாட்டிலைப் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டு சிரிச்சிருக்கும்! அதுல எத்தனை குழந்தைங்க இதே கேள்வியைக் கேட்டு, பெரியவங்க "சும்மா இரு"ன்னு சொல்லியிருப்போம்னு நெனச்சா எனக்குக் கஷ்டமா இருக்கு.

தேஞ்ச வளையம்

அதுக்கப்புறம் ரெண்டு பேருமா சேந்து படிக்க ஆரம்பிச்சோம். அவளுக்கு நான் படிச்சுச் சொல்வேன், அவ கேள்வி கேப்பா, பாதிக்கு நான் மறுபடியும் போய்த் தேடணும். உருக்கி செய்யறதோட லாபம் நெஜமானது தான். புதுக் கலவையோட பழைய கண்ணாடித் துண்டைச் சேக்கச் சேக்க உலைக்கு எரிபொருள் கம்மியா போதும், ஒவ்வொரு 10 சதவீதத்துக்கும் சுமார் இரண்டரை மூணு சதவீதம் மிச்சம் ஆகும். சுண்ணாம்புக்கல்லும் சோடாவும் சூடாகும்போது வெளிய விடுற கரியமில வாயுவும், ஏற்கனவே கண்ணாடியா ஆனதுல இருந்து வராது. ஆனா 10 சதவீதம் சேத்தாலும் 90 சேத்தாலும் உலை எரிஞ்சாகணும். கழுவி மறுபடி நிரப்புறதுக்கு உலையே வேண்டாம். சூடான காஸ்டிக் சோடா தண்ணியில முக்கி எடுத்து, விரிசல் இருக்கான்னு பாத்து, திரும்ப நிரப்பிடலாம்.

இது கற்பனை இல்ல, பெரிய அளவுல நடந்துட்டு இருக்குற விஷயம். ஜெர்மனியில மினரல் வாட்டருக்குன்னு 1969ல குந்தர் குபெட்ஸ்ங்கற வடிவமைப்பாளர் 0.7 லிட்டர் பாட்டில் ஒண்ணு செஞ்சார். மேல்பக்கம் சின்னச் சின்ன முத்து மாதிரி 230 புள்ளிங்க. அந்த ஒரே பாட்டிலை எத்தனையோ கம்பெனிங்க பொதுவா வெச்சுக்கிட்டாங்க, யார் பாட்டில் யார்கிட்ட போனாலும் பரவாயில்ல, லேபிள் மட்டும் வேற. அந்த மாதிரி கண்ணாடி பாட்டில் ஒண்ணை 50 தடவை வரைக்கும் கழுவி நிரப்புறாங்க. 50 தடவைன்னதும் என் பொண்ணு ஒரு நோட்டுல அம்பது கோடு போட்டுப் பாத்தா, பக்கம் நிறைஞ்சு போச்சு. இதுலயும் கணக்கு இருக்கு, அதை மறைக்கக் கூடாது. கண்ணாடி கனம், காலி பாட்டிலை ரொம்ப தூரம் லாரியில கொண்டு போனா மிச்சம் பண்ணின எரிபொருள் ரோட்டுலயே கரைஞ்சு போகும். பக்கத்துலயே கழுவி நிரப்பற இடமும், எல்லாருக்கும் ஒரே அச்சு பாட்டிலும் இருந்தா தான் இது நல்லா ஓடும். இதையும் அவகிட்ட சொன்னேன். "அப்போ தூரமா இருந்தா உருக்கலாம், கிட்டக்க இருந்தா கழுவலாம்"னா. நான் ரெண்டு நாள் படிச்சது அவ ஒரு வரியில சொல்லிட்டா.

இதுல அவளைப் பிடிச்சு உலுக்கினது வேற ஒரு விவரம். கழுவி நிரப்புற பாட்டிலுங்க தொழிற்சாலையில வரிசையா ஒண்ணோட ஒண்ணு உரசிட்டே போகும்ல, அதனால தோள்பட்டையிலயும் அடிக்குக் கொஞ்சம் மேலயும் வெள்ளையா, சொரசொரப்பா ஒரு தேஞ்ச வளையம் விழும். போகப் போக அந்த வளையம் அகலமாகும். அந்த முத்துப் பாட்டில்ல உரசுறதுக்குன்னே கொஞ்சம் எடுப்பா ரெண்டு வளையம் வெச்சிருக்காங்க, தேய்மானம் அங்கயே நின்னுக்கும். அதாவது எந்தப் பாட்டில் பயணம் போயிட்டு வந்திருக்குன்னு பாட்டிலே சொல்லும், நெயில் பாலிஷ் வேண்டாம். இதைக் கேட்ட அன்னில இருந்து அவ பாட்டிலோட அடியைப் பாக்குறதில்ல, தோளைத் தடவிப் பாக்குறா.

இன்னொரு கதையும் அவளுக்குச் சொன்னேன், ஏன்னா அது மறுசுழற்சி மேல எனக்கு இருக்குற மரியாதையைக் காப்பாத்திக் கொடுத்த கதை. இத்தாலியில கிராடோங்கற ஊருக்குப் பக்கத்துல கடலுக்கு அடியில 1986ல ஒரு ரோமானியக் கப்பல் கிடைச்சுது, சுமார் 1,800 வருஷம் பழசு. அதுல ஒரு மரப் பீப்பாய் நிறைய, ஏறக்குறைய 140 கிலோ, உடைஞ்ச கண்ணாடித் துண்டு. கப், தட்டு, பாட்டில் எல்லாத்தோட துண்டும். உருக்கி மறுபடி செய்யறதுக்காக எடுத்துட்டுப் போனது. அதுக்கும் முன்னாடியே ரோம் நகரத் தெருவுல கந்தகக் குச்சியைக் கொடுத்துட்டு உடைஞ்ச கண்ணாடியை வாங்கிட்டுப் போறவங்க இருந்திருக்காங்க. அவ கண்ணை மூடி யோசிச்சுட்டு, "எல்லாம் உடைஞ்சது தானே? முழுசு எதையும் உடைச்சு எடுத்துட்டுப் போகலல்ல?"ன்னு கேட்டா. உடைஞ்சது தான்னு சொன்னேன். தலையை ஆட்டினா, ஒரு பெரிய மனுஷி ஒப்புத்துக்கிட்ட மாதிரி.

இப்போ நான் எப்படிச் சொல்றேன்

குழந்தைங்ககிட்ட இந்த விஷயத்தைச் சொல்லும்போது நான் இப்போ 'திரும்பத் திரும்ப எத்தனை தடவை வேணும்னாலும்'ங்கற வார்த்தையில இருந்து ஆரம்பிக்கிறதே இல்ல. அந்த வார்த்தை உண்மை, உருக்குறதால கண்ணாடியோட தரம் குறையறது இல்ல. ஆனா அது கண்ணாடியால முடியும்னு சொல்ற உண்மை, நாம செய்யறோமான்னு சொல்ற உண்மை இல்ல. அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018க்கு போட்ட கணக்குல, கண்ணாடி பாட்டில் ஜாடியில 31.3 சதவீதம் தான் மறுசுழற்சிக்குப் போயிருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துல பத்துல எட்டு சேகரிக்கிறாங்க. ஒரே பொருள், ஒரே குணம், மனுஷங்க பழக்கமும் ஏற்பாடும் மட்டும் தான் வேற. சேகரிச்சதும் எல்லாமே பாட்டிலா ஆகுறதில்ல, கொஞ்சம் சூடு தடுக்குற கண்ணாடி நாராப் போகும், கொஞ்சம் ரோட்டுக்கு அடியில ஜல்லி மாதிரி போகும். நிறம் வேற இருக்கு. நிறமே இல்லாத வெள்ளைப் பாட்டில் செய்யற கலவையில பழுப்பும் பச்சையும் கலந்துட்டா வெள்ளை வராது, அதனால தான் பிரிச்சுப் போடச் சொல்றாங்க. பழுப்பு பாட்டில் எதுக்கு இருக்குன்னா உள்ள இருக்குற மருந்தை வெளிச்சம் கெடுக்காம இருக்க. இவ்வளவையும் ஏழு வயசுக் குழந்தைகிட்ட சொல்ல முடியுமான்னு கேட்டா, முடியுது. ஒரே நாள்ல இல்ல. பாட்டில் கழுவும்போது கொஞ்சம், தொட்டிக்கு நடந்து போகும்போது கொஞ்சம். பிஞ்சு மனசுக்கு இனிப்பா ஒரு முடிவு வேணும்னு நாம தான் நெனச்சுக்குறோம், அவங்க கேக்குறது முடிவை இல்ல, நடுவுல என்ன நடக்குதுன்னு தான்.

போன வாரம் ஸ்கூல்ல சார்ட் வரைஞ்சுட்டு வரச் சொல்லியிருந்தாங்க. மூணு அம்பு சுத்துற அந்த அடையாளத்தை எல்லாருக்கும் தெரியும், 1970ல கேரி ஆண்டர்சன்ங்கற 23 வயசு மாணவர் ஒரு போட்டிக்காக வரைஞ்சது, இப்போ உலகத்துல எல்லா டப்பாவுலயும் இருக்கு. அவ அதை வரையல. சார்ட் நடுவுல ஒரு சின்ன வட்டம் போட்டா, அதுல பாட்டில், தண்ணிக் குழாய், மறுபடி பாட்டில். அதைச் சுத்தி ஒரு பெரிய வட்டம், அதுல சுத்தியல், உலை, ஆரஞ்சு கலர்ல ஒரு சொட்டு, அப்புறம் பாட்டில். உலைக்கு ரெண்டு கண்ணு போட்டு அது முழிச்சுட்டே இருக்குற மாதிரி வரைஞ்சிருந்தா. சின்ன வட்டத்துல இருந்து பெரிய வட்டத்துக்குப் போற வழி ஒண்ணே ஒண்ணு. அந்த இடத்துல ஒரு பாட்டில் கீழ விழுந்து விரிசல் விட்டுக் கிடக்கு. அதைத் தாண்டித்தான் சுத்தியல்கிட்ட போக முடியும்.

சின்ன வட்டத்துல இருக்குற பாட்டில் எல்லாத்துக்கும் தோள்ல பென்சிலால ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருந்தா, ஒண்ணுக்கு மெல்லிசா, அடுத்ததுக்கு இன்னும் கொஞ்சம் தடிமனா. கடைசி பாட்டிலுக்கு அந்தக் கோடு பட்டையாவே இருந்துச்சு. இதோட வயசு எவ்ளோன்னு கேட்டேன். கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்து அம்பது கோடு போட்ட பக்கத்தைத் திறந்து, நாப்பத்தாறாவது கோட்டுல விரலை வெச்சு, "இங்க இருக்கு, இன்னும் நாலு தடவை போகும்"னா.